வீட்டு பீர்: கிட் டின்னை விட்டுட்டு மால்ட் எக்ஸ்ட்ராக்டுக்குப் போகலாமா?

தென்பெண்ணை | ஜூன் 9, இரவு 10.47

லீவுக்கு வந்து நாலு நாள் ஆச்சு. காவேரிப்பட்டணத்துல வீடு. மண்டிக்கு மாங்கா ஏத்திட்டுப் போற டெம்போ சத்தத்துல தூக்கம் வரல. ரொம்ப நாளா கேக்க நினைச்சதை இப்பவே கேட்டுடறேன்.

இருக்கறது மெல்போர்ன். அங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் போடறது சட்டப்படி சரி. விக்கக் கூடாது, வடிச்சு சாராயம் ஆக்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்லயே கிட் டின் அடுக்கி வெச்சிருப்பான், அதாவது மொளகட்டின பார்லிச் சாறை (மால்ட்) வத்த வெச்சு, கசப்புக்கு ஹாப்ஸ்ங்கற பூவும் சேத்த பாகு. ஒன்றரை வருஷத்துல அஞ்சு தடவை போட்டிருக்கேன். முறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 1.7 கிலோ டின், அதோட ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, வெந்நீர்ல கரைச்சு 23 லிட்டருக்கு நிரப்பி, மூடிக்கு அடியில இருக்கற 7 கிராம் ஈஸ்டைத் தூவி மூடிட வேண்டியது. ரெண்டு வாரம் கழிச்சு பாட்டில். ஆரம்ப அடர்த்தி (வெறும் தண்ணி 1.000ன்னா) 1.038க்கு பக்கம் வரும், முடிவுல 1.008.

குடிக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தண்ணியா இருக்கும். ஜனவரியில போட்டது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடிச்சுது. மூடியைத் திறந்ததும் வீட்டம்மா மூக்கைப் பொத்திட்டு வெளிய போயிட்டாங்க. போன ஜூலையில போட்டது மட்டும் பரவால்ல ரகம். அஞ்சும் ஒரே பிராண்டு டின்தான்.

இன்னிக்குக் காலையில அம்மா ராகியை ஊறவெச்சு மொளகட்டத் துணியில கட்டிட்டிருந்தாங்க. அதைப் பாத்ததும்தான், டின்ல யாரோ செஞ்சு வெச்சதைக் கரைக்கறதுக்குப் பேரு பீர் காய்ச்சறதான்னு தோணுச்சு. ஹாப்ஸ் சேக்காத வெறும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கி நானே கொதிக்க வெச்சா இந்த வாடையும் தண்ணித்தனமும் போகுமா? பெரிய பாத்திரம் ஒண்ணு வாங்கணும்னு தெரியும். வேற என்ன வேணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பென்னாகரத்தான் | ஜூன் 9, இரவு 11.05

அண்ணா சூப்பர். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் இங்க ஆன்லைன்ல வருது, பேக்கரிக்குன்னு விக்கறாங்க. ஈஸ்டும் வருது. நம்ம மொட்டை மாடியில ஒரு பத்து லிட்டர் போட்டுப் பாக்கலாமா? யாருக்குத் தெரியப் போகுது?

---

மட்டுறுத்துநர் | ஜூன் 10, காலை 7.20

பென்னாகரத்தான், கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பத்து லிட்டர், மொட்டை மாடி, சொந்த உபயோகம் என்றெல்லாம் விலக்கு கிடையாது. பனைமரத்துக் கள்ளுக்கே இங்கே தடை. 2024இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். இந்த இழை ஆஸ்திரேலியாவில் சட்டப்படி செய்பவர் கேட்ட கேள்வி என்பதால்தான் திறந்திருக்கிறது. "இங்கே எப்படிச் செய்வது" என்று கேட்கும் பதிவுகளை எடுத்துவிடுவேன்.

ஒரு கூடுதல் தகவல். ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கை மெட்ராஸ் மாகாணத்தில் முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்தோடுதான் இருந்தன. தர்மபுரி 1965இல் பிரிந்தது, அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். ஆக இந்தச் சட்டம் முதலில் கால் வைத்த மண் நம்முடையது.

---

பென்னாகரத்தான் | ஜூன் 10, காலை 7.31

சரிங்க. எல்லாத்துலயும் பின்தங்கின மாவட்டம்னு சொல்வாங்க, இதுல மட்டும் முதலிடம் குடுத்துட்டாங்க.

---

மொரப்பூர் ஜங்ஷன் | ஜூன் 10, காலை 9.02

படிச்சேன். எங்கப்பா குடிச்சே போனாரு. அம்மா நெல்லு நாத்து நட்டு எங்களைப் படிக்க வெச்சாங்க. தருமபுரி மாவட்டத்துக்காரங்க கூடிப் பேசற இடத்துல இப்படி ஒரு இழை எதுக்குன்னு எனக்கு விளங்கல. ஆஸ்திரேலியாவுல சட்டம் எப்படியோ இருக்கட்டும். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். சண்டைக்கு வரல.

---

தென்பெண்ணை | ஜூன் 10, காலை 9.40

@மொரப்பூர் ஜங்ஷன், நீங்க சொன்னதுல தப்பே இல்லீங்க. எங்க தெருவுலயும் அப்படி ரெண்டு வீடு இருக்கு. தலைப்புலயே விஷயம் தெரியற மாதிரி வெச்சிருக்கேன், வேண்டாம்னு நினைக்கறவங்க உள்ள வராம போயிடலாம். நீங்க எழுதினது இங்கயே இருக்கட்டும்.

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஜூன் 10, இரவு 9.55

நான் ஓசூர். தினமும் பஸ்ஸைப் பிடிச்சு பெங்களூர் போய் ஒரு மைக்ரோ ப்ரூவரியில, அதாவது சின்ன பீர் ஆலையில வேலை பாக்கறேன், பதினோரு வருஷம் ஆகுது. அங்க உரிமத்தோட நடக்கற தொழில், அதனால மட்டுறுத்துநர் கோவிச்சுக்க மாட்டார்னு நம்பறேன்.

தம்பி, உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. அஞ்சும் ஒரே டின், ஜனவரியில போட்டது நாறிச்சு, ஜூலையில போட்டது பரவால்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மெல்போர்ன்ல ஜனவரின்னா கோடை. பெர்மென்டரை (நொதிக்க வைக்கற டப்பா) எங்க வெச்சீங்க? துணி துவைக்கற ரூம்லதானே? ரூம் 28 இருந்தா உள்ள ஈஸ்ட் வேலை செய்யற சூட்டுல இன்னும் ரெண்டு மூணு டிகிரி ஏறியிருக்கும். அவ்வளவு சூட்டுல ஏல் ஈஸ்ட் எத்தில் அசிடேட்டை அள்ளி விடும். நெயில் பாலிஷ் வாடைன்னு வீட்டம்மா சொன்னது அதேதான். பியூசல்னு சொல்ற கனமான ஆல்கஹாலும் கூடும், மறுநாள் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம். டின் மேல பாவம் இல்ல.

தண்ணித்தனம் வேற கதை. டெக்ஸ்ட்ரோஸை ஈஸ்ட் மிச்சம் வைக்காம தின்னுடும். நாக்குல நிக்க ஒண்ணும் இருக்காது. மால்ட்ல ஈஸ்ட் தின்ன முடியாத நீளமான சர்க்கரைகளும், கொஞ்சம் புரதமும் இருக்கு, அதுதான் வாய்க்குக் கனம் குடுக்கும். ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்டாலே, அடர்த்தி கிட்டத்தட்ட அதேதான் வரும், ஆனா வாய்ல வேற மாதிரி இருக்கும்.

சுருக்கமா, எக்ஸ்ட்ராக்டுக்குப் போனா தண்ணித்தனம் போகும். வாடை போகாது. அடுத்த ஜனவரியில 30 டிகிரியில எதைப் போட்டாலும் அதே நாத்தம்தான்.

அப்ப எதுக்கு மாறணும்னு கேப்பீங்க. கிட் டின்ல ஹாப்ஸ் ஏற்கெனவே போட்டு கசப்பை முடிவு பண்ணி அடைச்சிருக்கான். நீங்க அதைக் கொதிக்க வெச்சா இருக்கற மணமும் ஆவியா போகும், கொதிக்க வைக்கலன்னா புதுசா கசப்பு ஏத்த முடியாது. வெறும் எக்ஸ்ட்ராக்ட்ல அந்த முடிவு உங்க கைக்கு வருது. எவ்வளவு கசப்பு, என்ன மணம், எந்த ஈஸ்ட், எவ்வளவு நிறம்னு நீங்கதான் சொல்வீங்க. மால்டை நீரோட சேத்து சர்க்கரையாக்கற வேலை மட்டும் கம்பெனிக்காரன் செஞ்சு குடுத்துட்டான். இட்லி மாவு கடையில வாங்கினாலும் சட்னி நம்ம கைப்பக்குவம்தானே, அந்த மாதிரி.

---

மாங்கூழ் | ஜூன் 11, காலை 6.15

நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படிக்கறேன். சீசன் உச்சம், கை காலெல்லாம் பெங்களூரா மாம்பழ வாசம். (வெளியூர்க்காரங்களுக்கு: தோத்தாபுரியைத்தான் நாங்க பெங்களூரான்னு சொல்றோம்.) எனக்கு பீர் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எக்ஸ்ட்ராக்ட்னு நீங்க பேசறது எங்க கான்சென்ட்ரேட் கதையா இருக்கு, அதான் எழுதறேன்.

எங்க ஆலையில பெங்களூரா கூழ் 14 பிரிக்ஸ் (நூறுக்கு எவ்வளவு சர்க்கரைங்கற அளவு) வாக்குல இருக்கும். அதையே வேக்குவம் எவாப்பரேட்டர்ல விட்டு 28க்கு ஏத்தினா கான்சென்ட்ரேட். வேக்குவம் எதுக்குன்னா, காத்தழுத்தத்தைக் குறைச்சா தண்ணி குறைஞ்ச சூட்டுலயே ஆவியாகும், கூழ் கருகாது, நிறம் மாறாது. மால்ட் எக்ஸ்ட்ராக்டும் இப்படித்தான் செய்யறாங்கன்னு நினைக்கறேன். தேன் மாதிரி இருக்குன்னா 80 பிரிக்ஸ் பக்கம் இருக்கணும்.

நான் சொல்ல வந்தது இதுதான்: தேதி பாத்து வாங்குங்க. கான்சென்ட்ரேட்டை நிழல்ல வெச்சாலும் மாசம் போகப் போக பழுப்பேறும். சர்க்கரையும் புரதமும் அடர்த்தியா ஒண்ணா கிடந்தா அது நடந்தே தீரும், கிருமி வரணும்னே இல்ல. வெயில்ல கிடந்த டிரம்மைத் திறந்தா வாசனையிலயே தெரிஞ்சிடும், கொஞ்சம் காஞ்ச வெல்லப்பாகு மாதிரி. உங்க டின் எந்த கிடங்குல எத்தனை கோடை பாத்துச்சோ.

அப்புறம் பிரிக்ஸை நாலால பெருக்கினா உங்க கணக்கு தோராயமா வரும். 12 பிரிக்ஸ்னா 1.048. மிதக்க விட்டு அடர்த்தி பாக்கற ஹைட்ரோமீட்டர் எதுக்கு தம்பி, ரெண்டு சொட்டு போதும், ஒளியை வெச்சு அளக்கற ரிப்ராக்டோமீட்டர் வாங்கிக்கோங்க.

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஜூன் 11, இரவு 10.20

@மாங்கூழ் அண்ணா, அருமை. திரவ எக்ஸ்ட்ராக்ட்ல சுமார் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி, நீங்க சொன்ன 80 சரி. வீட்டுல செய்யறவங்க கிட்ட "எக்ஸ்ட்ராக்ட் வாடை"ன்னு ஒரு புகார் பல வருஷமா உண்டு. அதுல பாதி பழைய டின். அதனாலதான் நான் உலர் தூளைச் சொல்றேன், அதுல ஈரம் ரொம்பக் கம்மி, நாள் தாங்கும். 1 கிலோ தூள் 1.2 கிலோ திரவத்துக்குச் சமம்.

ரிப்ராக்டோமீட்டர்ல மட்டும் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். கொதிக்கற அன்னிக்கு அது சரி. நொதிச்சு ஆல்கஹால் வந்துட்டா அது பொய் சொல்லும், உள்ளதைவிடக் கூட காட்டும். அதை நம்பி "இன்னும் முடியல"ன்னு உக்காந்திருப்பாங்க. முடிவுக்கு ஹைட்ரோமீட்டர்தான். உங்க கூழ்ல ஆல்கஹால் வந்தா அன்னிக்கு நீங்க டிரம்மைத் தூக்கிப் போட்டுடுவீங்க, அதான் உங்களுக்கு இந்தப் பிரச்சனை தெரியல.

---

மாங்கூழ் | ஜூன் 12, காலை 6.40

அது சரிதான். ஒரு தடவை அப்படி ஒரு பேக் உப்பி நின்னுச்சு, சூப்பர்வைசர் எங்களை உலுக்கி எடுத்துட்டாரு. வாபஸ்.

---

தென்பெண்ணை | ஜூன் 12, காலை 11.10

நிறைய விஷயம், நன்றி. பெர்மென்டர் இருந்தது துவைக்கற ரூம்லயேதான், எப்படிக் கண்டுபிடிச்சீங்க! அந்த வாரம் வெளிய 38.

இன்னொரு கேள்வி. அம்மா ராகியை மொளகட்டறதும் பார்லியை மால்ட் பண்றதும் ஒண்ணுதானா? அம்மாகிட்ட கேட்டா "என்னடா கேவுருல போயி ஆராய்ச்சி"ன்னு சிரிக்கறாங்க.

---

பாலக்கோடு ராகி | ஜூன் 12, மாலை 4.30

நானும் ஒரு அம்மாதான், அதனால உங்கம்மா சார்புல நான் சொல்றேன் தம்பி. மகளிர் குழுவுல பத்து பேர் சேந்து ராகி மால்ட் போட்டு விக்கறோம். பீர் பத்தி எனக்குத் தேவையில்ல, மால்ட் பத்தி சொல்றேன்.

ராத்திரி ஊறவெச்சு காலையில தண்ணியை வடிகட்டி, ஈர வெள்ளைத் துணியில மூட்டையா கட்டித் தொங்க விடுவோம். நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி தெளிக்கணும். மூட்டைக்குள்ள கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கும், தானியம் மூச்சு விடுது. நடுவுல ஒரு தடவை பிரிச்சு உதறலன்னா உள்ள புளிச்ச நாத்தம் வந்துடும். ரெண்டாம் நாள் வெள்ளை வேர் அரை விரக்கடை நீட்டியிருக்கும்போது எடுத்து மாடியில காயப்போடணும். இன்னும் விட்டா தானியத்துல இருக்கற மாவையெல்லாம் மொளையே தின்னுடும், எடை போயிடும். நல்லா காஞ்சதும் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல தேச்சு முறத்துல புடைச்சா வேரெல்லாம் தூசியா பறக்கும். அந்த வேர் இருந்தா கசக்கும். அப்புறம்தான் லேசா வறுத்து அரைக்கறது.

இப்ப உங்க கேள்விக்கு. மொளகட்டின மாவை வறுக்காம வெச்சு ஒரு சோதனை பண்ணுங்க. சாதா ராகி மாவுல களி பதத்துக்குக் கஞ்சி காய்ச்சி, விரல் பொறுக்கற சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்போது ஒரு ஸ்பூன் மொள மாவைக் கலந்து மூடி வைங்க. கால் மணி நேரத்துல கெட்டிக் கஞ்சி தண்ணியா இளகியிருக்கும், வாயில வெச்சா இனிக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது போட்டா ஒண்ணும் நடக்காது. கொழந்தைங்களுக்குக் குடுக்கற கஞ்சியை இளக்க எங்க மாமியார் காலத்துலேந்து செய்யறதுதான்.

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஜூன் 12, இரவு 10.05

அக்கா, நாங்க புதுசா வர்ற பசங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுக்கறதை அஞ்சு வரியில எழுதிட்டீங்க. அந்தக் கால் மணி நேரம்தான் எங்க பாஷையில மேஷ். மொளகட்டும்போது தானியத்துக்குள்ள அமிலேஸ் என்சைம் உண்டாகுது, 65 டிகிரி வாக்குல அது மாவுச்சத்தை வெட்டி சர்க்கரையாக்குது, கொதிச்சா செத்துப்போகுது. பார்லியிலயும் அதேதான் நடக்குது. அந்த இனிப்புத் தண்ணியை வத்த வெச்சா எக்ஸ்ட்ராக்ட்.

ராகியிலயும் பீர் வகை உண்டு. சிக்கிம், நேபாளம் பக்கம் மூங்கில் குழாய்ல ஊத்தி உறிஞ்சிக் குடிக்கற தோங்பா ராகிதான், ஆனா அதுக்கு மர்ச்சான்னு ஒரு நொதிப்புக் கட்டி போடறாங்க, மொளகட்டற வழி இல்ல. எங்க முறையில ராகி கொஞ்சம் மல்லுக்கட்டும். தானியம் பொடி, வடிகட்ட உதவற உமி கிடையாது, பானையில சேறு மாதிரி அடைச்சுக்கும்.

சரி, இப்ப தம்பியோட பாத்திரத்துக்கு வருவோம். மெல்போர்ன் போனதும் நேரா 23 லிட்டர்ல இறங்காதீங்க. 10 லிட்டர் போடுங்க, 19 லிட்டர் பாத்திரம் போதும், வீட்டு அடுப்பு தாங்கும்.

தண்ணி 12.5 லிட்டர் வைங்க. 150 கிராம் கிரிஸ்டல் மால்டை (நிறத்துக்கும் இனிப்புக்கும் போடற வறுத்த மால்ட்) உடைச்சு துணிப்பையில கட்டி 65-70 டிகிரியில அரை மணி ஊறவிட்டு எடுத்துடுங்க, டீத்தூளைப் பிழியற மாதிரி முறுக்கிப் பிழியாதீங்க, பையோட கொதிக்கவும் விடாதீங்க, உமியிலேந்து துவர்ப்பு இறங்கும். அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு 1.3 கிலோ வெளிர் உலர் எக்ஸ்ட்ராக்டைக் கொட்டிக் கலக்குங்க. அடுப்பு எரியும்போது கொட்டினா அடியில போய்ப் படிஞ்சு தீஞ்சுடும். பாக்கெட்டை நீராவிக்கு மேல பிடிக்காதீங்க, ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஈரக் கரண்டி விட்ட மாதிரி வாயிலயே கட்டிக்கும்.

கொதி வந்ததும் 15 கிராம் கேஸ்கேட் ஹாப்ஸ், 6 சதவீத ஆல்பா அமிலம்னு வெச்சுக்கறேன், 60 நிமிஷம். இதுதான் கசப்பு. ஹாப்ஸ்ல இருக்கற ஆல்பா அமிலம் கொதியில உருமாறினாத்தான் கரைஞ்சு கசக்கும், அதுக்குத்தான் ஒரு மணி நேரம். கடைசி 15 நிமிஷத்துல 10 கிராம், கடைசி 5 நிமிஷத்துல 10 கிராம், ரெண்டும் மணத்துக்கு. மொத்தம் 30 கசப்பு அலகு சுமாரா வரும். ஆரம்ப அடர்த்தி 1.048-1.050. எக்ஸ்ட்ராக்ட்ல இந்தக் கணக்கு தப்பாது, கடைசி அளவு 10 லிட்டரா இருந்தா போதும். குறைஞ்ச அளவை 10 லிட்டராக்க மேல தண்ணி ஊத்தி, அப்புறம் தப்பா காட்டினா அது சரியா கலக்கலன்னு அர்த்தம்.

சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி பாத்திரத்தை இறக்கி 20க்குக் கொண்டாந்துட்டு, யூ.எஸ்.-05 ஈஸ்ட் பாதி பாக்கெட். 18-19 டிகிரி. டின் மூடி ஈஸ்டை மறந்துடுங்க. பாட்டிலுக்கு லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை, அதுவும் ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே எண் காட்டின பிறகு. அவசரப்பட்டா பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கண்ணுல படும், சும்மா சொல்லல.

சுத்தம் பத்தி மாங்கூழ் அண்ணா எழுதுவாரு.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு முக்கியம். நீங்க திரும்பிப் போகும்போது அங்க ஜூலை, குளிர். தானாவே 18 டிகிரி கிடைக்கும். நல்லா வந்துச்சுன்னா "எக்ஸ்ட்ராக்டுக்கு மாறினதாலதான்"னு இங்க வந்து எழுதிடுவீங்க. அதே வாரம், அதே ரூம்ல, அதே ஈஸ்ட் போட்டு ஒரு கிட் டின்னும் போடுங்க. டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் தூள். அப்பத்தான் எது எதால வந்ததுன்னு தெரியும்.

---

மாங்கூழ் | ஜூன் 13, காலை 6.50

சுத்தம்: கழுவறது வேற, கிருமி நீக்கறது வேற. அழுக்கு ஒட்டியிருந்தா அதுக்கு மேல எந்த மருந்து அடிச்சும் பிரயோஜனம் இல்ல. நாங்க முதல்ல காஸ்டிக் ஓட்டி, தண்ணி ஓட்டி, அப்புறம்தான் மத்தது. வீட்டுக்குக் காஸ்டிக் வேண்டாம், கையைப் பொசுக்கிடும். கொதிச்சு ஆறின பிறகு தொடற ஒவ்வொரு சாமானும், கரண்டி, குழாய், மூடி ரப்பர் உட்பட, மருந்துத் தண்ணியில முங்கி எழணும். கொதிக்கறதுக்கு முந்தி தொடறதைப் பத்திக் கவலை இல்ல. குழாய்த் திருகைக் கழட்டிப் பாருங்க. எங்க அனுபவத்துல பிரச்சனை எப்பவும் திருகு மரையிலதான் ஒளிஞ்சிருக்கும்.

---

பென்னாகரத்தான் | ஜூன் 13, இரவு 8.15

செய்ய மாட்டேன், சும்மா அறிவுக்குக் கேக்கறேன். தண்ணி முக்கியம்னு சொல்வாங்களே? நம்ம ஊர் போர் தண்ணியில ப்ளோரைடு, அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. கொதிக்க வெச்சா அது போயிடுமா?

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஜூன் 13, இரவு 10.40

போகாது. தண்ணி ஆவியாகி ப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகும். குடிக்கறதுக்கும் அதே பதில்தான், அதனால வீட்டுல போர் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிக்கறவங்க கவனிங்க.

தம்பிக்கு அந்தக் கவலை இல்ல. எக்ஸ்ட்ராக்ட் செஞ்ச இடத்துத் தண்ணியோட உப்பெல்லாம் தூளுக்குள்ளயே இருக்கு, மெல்போர்ன் தண்ணி மென்மையானது, நல்லது. குளோரினை மட்டும் எடுக்கணும், இல்லன்னா பிளாஸ்திரி வாடை வரும். குளோரினை முறிக்கற மெட்டாபைசல்பைட் உப்பு சிட்டிகை போட்டா போயிடும்.

---

தென்பெண்ணை | ஜூலை 16, மதியம் 2.30

மெல்போர்ன் வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டும் போட்டாச்சு.

யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். எல்லாம் சொன்னபடி அடுப்பை அணைச்சு, தூளைக் கரைச்சு, மறுபடி ஏத்தினேன். மேல பழுப்பு நுரை ஒரு விரல் கனத்துக்கு அமைதியா நின்னுச்சு. அம்மா வீடியோ கால்ல வந்தாங்க, போனைக் காட்டி "பாரும்மா"ன்னு சொல்ல முகத்தைத் திருப்பினேன். அஞ்சு செகண்டு இருக்கும். திரும்பறதுக்குள்ள பொங்கி அடுப்பு மேல, அடுப்புக்கு அடியில, டிராயருக்குள்ள. பொங்கல் அன்னிக்குப் பானை பொங்கினா கத்துவோமே, அம்மா அங்கேந்து "பொங்கலோ பொங்கல்"னு சொல்றாங்க. வீட்டம்மா சிரிக்கல. சூடான எலக்ட்ரிக் அடுப்புல மால்ட் தீஞ்சா எப்படி ஒட்டும்னு இப்ப எனக்குத் தெரியும், ரெண்டு நாளா சுரண்டறேன்.

மிச்சம் எல்லாம் நல்லாவே போச்சு. எக்ஸ்ட்ராக்ட் 1.049. கிட் 1.039. ரெண்டுலயும் யூ.எஸ்.-05, ரூம் 17-18. கழட்டச் சொன்ன குழாய்த் திருகைக் கழட்டினேன் அண்ணா. மரையில பழுப்பா பசை மாதிரி ஒண்ணு. ஒன்றரை வருஷமா அங்கயே இருந்திருக்கு. போட்டோ போட மனசு வரல.

---

மாங்கூழ் | ஜூலை 16, இரவு 7.05

சொன்னேனா இல்லியா.

---

தென்பெண்ணை | ஆகஸ்ட் 20, இரவு 9.15

பாட்டில் போட்டு மூணு வாரம் ஆச்சு. ரெண்டையும் திறந்தோம். எது எதுன்னு சொல்லாம வீட்டம்மாகிட்ட ரெண்டு கிளாஸ் குடுத்தேன், மோந்து பாக்க மட்டும்.

ரெண்டுலயும் நெயில் பாலிஷ் வாடை இல்ல. கிட்லயும் இல்ல. செக்போஸ்ட் அண்ணா சொன்னதுதான் நடந்திருக்கு, சூட்டை விட்டுட்டு டின்னைத் திட்டிட்டிருந்திருக்கேன். தூள் போட்டதால கிட் தண்ணியா இல்ல, போன வருஷ ஜூலையதைவிட நல்லாவே இருக்கு.

எக்ஸ்ட்ராக்ட்ல வித்தியாசம் மூக்குலதான். கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போனா நார்த்தங்காய் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம். டின்ல எப்பவுமே இது வந்ததில்ல. முடிவு அடர்த்தி 1.013, கணக்கு போட்டா 4.7 சதவீதம்.

ஆனா கசப்பு தூக்கல். 30 அலகுன்னு சொன்னீங்க, எனக்கு அதுக்கு மேல தெரியுது. பாகற்காய் வரைக்கும் போகல, வேப்பம்பூ ரசம் அளவு.

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஆகஸ்ட் 20, இரவு 10.50

ஹாப்ஸ் பாக்கெட் இருக்கா? அதுல ஆல்பா எவ்வளவுன்னு போட்டிருக்கான் பாருங்க. நான் 6னு வெச்சுக்கிட்டுத்தான் 15 கிராம் சொன்னேன்.

---

தென்பெண்ணை | ஆகஸ்ட் 21, காலை 6.10

ப்ரீசர்ல மிச்சப் பாக்கெட் கிடக்கு. 8.2.

---

அத்திப்பள்ளி செக்போஸ்ட் | ஆகஸ்ட் 21, இரவு 10.15

அதான். ஒரே ரகமா இருந்தாலும் ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். 15ஐ 6ஆல பெருக்கி 8.2ஆல வகுங்க, 11 கிராம். மத்த ரெண்டு தவணையும் அப்படியே இருக்கட்டும், அதுலேந்து வர்ற கசப்பு கம்மி. இந்த பேட்ச்சை இன்னும் ஒரு மாசம் வெச்சுப் பாருங்க, கசப்பு கொஞ்சம் மட்டுப்படும், ஆனா அந்த நார்த்தங்காய் வாசமும் கூடவே குறையும்.

டிசம்பருக்கு முன்னாடி பெரிய டப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. பெர்மென்டரைத் தண்ணிக்குள்ள நிறுத்தி ஈரத்துண்டு போத்தி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் ஒண்ணு மாத்தினா 20ல நிக்கும். மண்பானைக்கு ஈரத்துணி சுத்தற வித்தைதான்.

---

பாலக்கோடு ராகி | ஆகஸ்ட் 22, காலை 8.25

தம்பி, அந்த அடுப்புக் கறைக்கு சோடா உப்பைத் தண்ணியில குழைச்சு ராத்திரி பூசி வெச்சுட்டு காலையில சுரண்டிப் பாத்தீங்களா? எங்க மால்ட் அண்டா தீஞ்சா அதுதான் பண்ணுவோம்.